எட்டில் ஒரு சுற்று

எண்பத்திநாலாம் வருஷத்து பென்ஸ்.
மண்ணடி ஜக்கரியா பாய் வண்டி.
காலையில் நல்லாத்தான் கிளம்புகிறது,
பேசின் பிரிட்ஜ் ஏறும்போது
இருமுகிறது என்றார்.

இதில் கம்ப்யூட்டர் கிடையாது.
ஒரு வட்டத் தகடு, டீ சாஸர் அளவு.
உள்ளே போகும் காற்று அதைத் தூக்கும்.
தூக்கிய அளவுக்குப் பெட்ரோல்
நாலு இரும்புக் குழாயில் நாலு அறைக்கு.
வேறு ரகசியம் ஒன்றுமில்லை.
ஆனால் தகட்டைத் தொடாமல்
பின்வாசலில் நுழையும் காற்று ஒன்று உண்டு.
கணக்கில் வராது. பெட்ரோலும் கேட்காது.
அதை முதலில் பிடிக்கவேண்டும் என்றேன்.
பாய் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட்.
"டூட்டி கட்டாத சரக்கு" என்றார் உடனே.

ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றினேன்.
என்ஜின் திணறவேண்டும்.
திணறவில்லை.
ஏற்கனவே எங்கோ ஓட்டை.
ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி
பெட்ரோல் குழாயை விட்டு எட்டவே பிடித்து
ஒவ்வொரு ரப்பர் மடிப்பாகக் காட்டிக்கொண்டு போனேன்
(யாரும் இப்படிச் செய்யாதீர்கள்).
தகட்டுக்குக் கீழே, கை நுழையாத இடத்தில்
புகை சட்டென்று உள்ளே வளைந்தது.
நகக்கண் அளவு வெடிப்பு.
புது ரப்பர் கிடைக்கப் பதினோரு நாள்.

இனி மிச்சம் ஒரு திருகு.
மூணு எம்எம் ஆலன் கீ, ஓர் ஓட்டை வழியாக
கண்ணால் பார்க்காமல் தேடிப் பிடிக்கவேண்டும்.
வலப்பக்கம் பெட்ரோல் கூடும். இடப்பக்கம் குறையும்.
எட்டில் ஒரு சுற்று. அதற்கு மேல் பேராசை.
திருகி, கீயை எடுத்து, ஓட்டையை மூடி
ஒரு தடவை உறுமவிட்டு
அடங்கும்வரை நிற்கவேண்டும்.
கீ உள்ளே இருக்கும்போது ஆக்சிலேட்டரைத் தொட்டால்
வளைவது கீ மட்டுமல்ல.

புகை மீட்டர் வெள்ளத்தில் போயிற்று.
அதற்கு முன்பும் நான் மீட்டரை நம்பியவனில்லை.
சைலன்சர் பின்னால் குத்துக்காலிட்டு
மூக்கால் ஒன்றரைக்கும் ரெண்டுக்கும்
வித்தியாசம் சொன்னவன்.
கொரோனா வந்து போனதிலிருந்து
மூக்கு, கண்ணாடி மாட்ட மட்டும்.

ஷெட் வாசலில் தேசம்மா மீன் கூடை.
காசிமேட்டு ஏலத்தில் செவுளைத் தூக்கி முகர்ந்தே
நேற்றைய வலையா இன்றைய வலையா என்பாள்.

"யக்கா, இங்க வந்து மோந்து பாரு."
"இன்னா, கார மோக்க சொல்றியா?"
வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக் குனிந்தாள்.
"கண்ணு எரியுது."
இடப்பக்கம் எட்டில் ஒன்று.
"இப்போ?"
"இன்னும் எரியுது. அந்தக் கருப்பு வாட."
இன்னொன்று.
"ஒண்ணுமே இல்ல. சுடுதண்ணி ஆவி மாதிரி கீது."
அப்போது என்ஜின் ஒரு விக்கல் விக்கியது.
அதிகம் குறைத்துவிட்டேன்.
வலப்பக்கம், எட்டில் பாதி.

அவள் நிமிர்ந்து வடக்கே பார்த்தாள்.
"தப்பு தப்பா வருது. இது உன் வண்டியா மணலியா?"
எனக்கு எப்படித் தெரியும்.
"கொஞ்சம் இரு. காத்து திரும்பட்டும்."

என்ஜினை அணைத்தேன்.
கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
தேசம்மா சங்கரா ரெண்டு கிலோ விற்றாள்.
பாய் ரெண்டு டீ குடித்தார், மூன்றாவதைக்
கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.
ரெண்டரை மணிக்குக் கூடை மேலிருந்த ஈரச்சாக்கு
கடல் பக்கமிருந்து ஒரு முறை படபடத்தது.

மறுபடி சூடாக்கி, மறுபடி குனிந்து,
ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.
"வுடு. இதான்."
பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.
வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறம்.

காசு நீட்டினேன்.
"ஐஸ் கரைஞ்சது ஒனக்காக" என்று வாங்கிக்கொண்டாள்,
எண்ணிப் பார்த்து.

வீட்டில் சோப்பு போட்டு மூன்று முறை
கை கழுவுகிறேன்.
போயிருக்கும்.
மூன்று என்பது ஒரு கணக்குதான்.