பிடுங்காத பல்

கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது.
பிடுங்கியாயிற்று என்று ஹில்க்காவிடம் சொன்னேன்.
சொன்னபோது வாயில் பஞ்சு வைத்திருந்தேன்.
பஞ்சு நிஜம்.
மருந்துக்கடையில் இரண்டு யூரோ எண்பது.
மருத்துவருக்கென்று அவள் எண்ணித் தந்த
நூற்று நாற்பதில்
ஒழுங்காகச் செலவானது அது ஒன்றுதான்.

மீதியெல்லாம் கெமி நகரத்து அங்காடியில்,
காலிப் போத்தலுக்குக் காசு தரும் எந்திரத்துக்கும்
காசாளர் மேசைக்கும் நடுவே
மினுக்கிக்கொண்டு நிற்கும் பெட்டிக்குள்.
சூதுக்கு ஓர் இருட்டறையாவது வேண்டாமா?
இங்கே அது
பால் வாங்கப் போகும் வழியில் நிற்கிறது.
பள்ளி ஆசிரியை ஒருத்தி
காலை வணக்கம் சொல்லிவிட்டு
என் முதுகை உரசாமல் ஒதுங்கிப் போகிறாள்.

இரவெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
தள்ளிய தெருவைத் திரும்பிப் பார்ப்பதற்குள்
மறுபடி வெள்ளை.
கடை ஆறு மணிக்குத் திறக்கும்.
பொழுது பத்தரைக்குத்தான் விடியும்.
இடைப்பட்ட நேரம்
விட்டதைப் பிடிக்க.

சுத்தமாகத் தோற்ற நாளில் கை நடுங்காது.
இரண்டு செர்ரி வந்து உட்கார்ந்து
மூன்றாவது மயிரிழையில் நழுவும் பாருங்கள்,
அன்றைக்குத்தான்.
கிட்டத்தட்ட என்ற சொல்லுக்குள்
ஆறு வருடம் குடியிருந்தேன்.

அன்றிரவு ஹில்க்கா
சால்மன் சூப்பில் உருளைக்கிழங்கை மசித்துத் தந்தாள்,
பல் பிடுங்கியவனாயிற்றே.
சூடு பட்டதும்
இல்லாத பல் எழுந்து நின்றது.
இல்லாத பல்லுக்கு வலிக்கக் கூடாது.
முகம் சுளிக்கக் கூடாது.
எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம்,
எனக்கு அதற்கும் வழியில்லை.

சொத்து போனது:
மீன்பிடி படகு,
அவள் தகப்பன் விட்டுப்போன ரம்பம்,
குளிர்கால டயர் நான்கு.
சொத்தை மட்டும் போகவில்லை.

கண்ணை மூடினால் இமையின் உள்பக்கம்
மூன்று உருளைகள் சுற்றும்.
பல்லின் துடிப்பை எண்ணிக்கொண்டு கிடப்பேன்.
ஒற்றையில் அடங்கினால் நாளைக்கு விழும்.
இரட்டையென்றால்
இன்னொரு தரம் முதலிலிருந்து.
பக்கத்தில் அவள் மூச்சு.
காசு வைக்காத ஆட்டத்திலும்
விடியும்வரை தோற்றேன்.

பிப்ரவரியில் ஒரு நாள்
துறைமுகப் பாலத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு
முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கீழே கடல் உறைந்து கிடந்தது.
என்ன நினைத்தேன் என்று
யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.
வயர்லெஸ்ஸில் ரெய்னோ கத்தினான்,
பள்ளிக்கூடத் தெருவில் முழங்கால் அளவு பனி,
எங்கே தொலைந்தாய் என்று.
போய்த் தள்ளினேன்.

மார்ச்சில் கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்தது.
ஹில்க்கா டார்ச்சை எடுத்து வந்தாள்.
வாயைத் திற.
திறந்தேன்.
எண்ணவில்லை அவள்.
"டிசம்பரிலேயே தெரியும்.
பஞ்சில் ரத்தம் இல்லை."

பிறகேன் மூன்று மாதம் கிழங்கை மசித்தாய்
என்று கேட்க
வாய் மூடவில்லை எனக்கு.
அவளே சொன்னாள்,
டார்ச்சை அணைக்காமல்:
"இன்றைக்குச் சொல்வாய், இன்றைக்குச் சொல்வாய் என்று
தினமும் வைத்துப் பார்த்தேன்."

பல் போயிற்று, இந்த முறை நிஜமாக.
கூடவே வந்து நாற்காலியில் காத்திருந்தாள்.
சம்பளம் இப்போது அவள் கணக்கில்.
தடைப்பட்டியலில் என் பெயரை
நானே எழுதிக் கொடுத்தேன்.
செவ்வாய்தோறும் நூலகத்தின் பின்னறையில்
ஏழு பேர் உட்கார்ந்து
பெரும்பாலும் வானிலை பேசுகிறோம்.

நாக்கு மட்டும்
அந்தக் குழிக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது.
கடையில் உறைமீன் அலமாரியைச் சுற்றிக்கொண்டுதான்
வெளியே வருகிறேன்.
நேர்வழியில் பதினோரு அடி.
எண்ணி வைத்திருக்கிறேன்.