இடது விளக்கின் உயரம்

டேஷ்போர்டில் பூஜ்யம் முதல் மூன்று வரை
ஒரு சின்னச் சக்கரம்.
திருப்பினால் இரண்டு விளக்குகளும் குனிய வேண்டும்.
மார்கழியிலிருந்து வலது மட்டும் குனிகிறது.
இடது, கிர்ர் கிர்ர் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு
நின்ற இடத்திலேயே நிற்கிறது, மேல்நோக்கி.

சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது
வலது விளக்கு சாலையைப் பார்க்கும்.
இடது விளக்கு
புளியமரத்துக் காக்கைக் கூடுகளையும்
போன தேர்தல் பேனரின்
கிழிந்த நெற்றியையும் பார்க்கும்.
எதிரே வரும் லாரிகள்
சிமிட்டிச் சிமிட்டித் திட்டும்.
பச்சையாங்குப்பம் வளைவில் ஒருவன்
கண்ணாடியை இறக்கி வாயாலேயே திட்டினான்.

“மோட்டார் தனியா வராதுங்க மேடம்,
மொத்த லைட்டும் மாத்தணும், பதினாலாயிரம்.”
பல்வலிக்குத் தலையை மாற்றச் சொன்ன
ஷோரூம் பையனுக்கு நன்றி சொல்லிவிட்டு
ஞாயிறன்று முதலியார்பேட்டை போனேன்.

ஜியாவுதீன் கடையில்
என் கார் நிறத்திலேயே ஒரு கார்.
வலப்பக்கம் இல்லை.
இடப்பக்கம், பாப்பா ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கலையாமல்.
“யாரோடது?”
“இன்சூரன்சோடது” என்றார்.
அதற்கு மேல் கேட்காதே என்பதும்
அந்தக் குரலிலேயே இருந்தது.
அறுநூற்றைம்பது ரூபாய்.
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஆல்பேட்டை செக்போஸ்டில் பொட்டலத்தைப்
போலீஸ்காரர் பிரித்துப் பார்த்தார்.
பாட்டில் இல்லை என்றதும்
அவருக்கும் ஏமாற்றம்தான்.

மாலை, தேவனாம்பட்டினம், உப்புக் காற்று.
பேட்டரியைக் கழற்றினால்தான் கை நுழையும்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
வளையலை வைப்பரில் மாட்டிவிட்டு நுழைத்தேன்.
ரப்பர் மூடிக்குப் பின்னால் மூன்று ஊசிகள்,
மூன்றிலும் பச்சை பூத்திருந்தது.
கடல் எங்கள் வீட்டில் நுழையாத இடமில்லை,
கேட், கிரில், ஃப்ரிட்ஜின் கால்,
இப்போது இது.

கால் சுற்றுச் சுற்றினால் மோட்டார் கழன்றுவிடும்.
அதன் முனையிலிருக்கும் உருண்டை விடாது.
சுண்டைக்காய் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக்.
பழையது குழியிலிருந்து விடுபடவும்
புதியது குழியில் உட்காரவும்
கண்ணுக்கு எட்டாத இடத்தில்
விரல்நுனி மட்டும் வேலை செய்ய வேண்டும்.
டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி
மூன்று முறை தவறவிட்டேன்.
நான்காம் முறை,
டிக்.
சம்பளம் ஏறியபோதும்
இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பேட்டரியை மாட்டிச் சக்கரத்தைத் திருப்பினேன்.
இரண்டும் சேர்ந்து குனிந்தன.

இனி மட்டம் பார்க்க வேண்டும்.
பத்தடி எடுத்து வைக்கும் தூரத்தில்
ஒரு வெற்றுச் சுவர் வேண்டும்.
இருப்பது ஒன்றே ஒன்று,
எதிர்வீட்டுக் கலியபெருமாள் சுவர்.
தையிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.
குப்பையா, மாடியில் காயும் துணியா,
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இருட்டியதும் திருடியைப் போலப் போய்
விளக்கின் உயரத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டேன்.
வலது, கோட்டுக்குச் சற்றுக் கீழே.
இடது, ஒரு சாண் மேலே.
திருகைத் திருப்பத் திருப்ப
வெளிச்சம் இறங்கி வந்த வழியை
அண்ணாந்து பார்த்தேன்.

கோட்டுக்கு நேர் மேலே
அவர் வீட்டு மாடி ஜன்னல்.
கண்ணாடி முழுக்க உள்பக்கமாக
அட்டைப்பெட்டி கிழித்து ஒட்டியிருந்தது.
நாலு இருபது விருத்தாசலம் வண்டிக்கு
கண்டக்டர் அவர்.
எட்டரைக்கே படுப்பவர்.

மூன்று மாதம்.
தினமும் பதினொன்று பத்துக்கு,
நான் ரிவர்ஸ் எடுத்து உள்ளே போகும் வரை.

கதவு திறந்தது. கைலியோடு வந்து நின்றார்.
கோட்டைப் பார்த்தார். என் க்ரீஸ் கையைப் பார்த்தார்.
“மோட்டார் போயிருந்துச்சு சார்.
எனக்குத் தெரியல.”
எது தெரியவில்லை என்று அவர் கேட்கவில்லை.
ஒரு கண்ணை மூடி, சுவரை அளந்து,
“லெப்ட்டு இன்னும் ஒரு பொட்டு எறங்கணும்” என்றார்.
இறக்கினேன்.
“ம்.”
கதவைச் சாத்திக்கொண்டார்.

அட்டை இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது.
கோடைமழையில் கோடு பாதி போய்விட்டது.
இப்போதெல்லாம் தெருமுனையிலேயே
இரண்டு விளக்கையும் அணைத்துவிட்டு
குருட்டுத்தனமாக ரிவர்ஸ் எடுக்கிறேன்.
குரோட்டன்ஸ் தொட்டி
இரண்டு முறை உடைந்தாயிற்று.