பதிவில் சேர்க்க வேண்டியதில்லை

வியாழன் இரவு எட்டரைக்கு
கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் ஐந்து தளங்களிலும்
ஒரே ஆள் எழுந்து
"ஆட்சேபணை" என்கிறான்.
படியேறுகையில் அவன் வாக்கியமும் கூடவே ஏறுகிறது,
இரண்டாம் மாடியில் எழுவாய்,
என் கதவடியில் பயனிலை.

'மேன்முறையீடு' முடிந்து மூன்று மாதம்.
பெரியவர் கனகசபாபதியை நெஞ்சுவலியில் கொன்றுவிட்டு
அவருக்குப் பை தூக்கிய பொடியனை நாயகனாக்கி
கிளைத்தொடர் தொடங்கிவிட்டார்கள்:
'கனிஷ்ட சட்டத்தரணி'.

நஃபீலா தாத்தாவுக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது.
"பெரியவர் கண்ணாடியக் கழட்டினாலே
பொய்ச்சாட்சி வேர்த்துப் போவான்.
இவன் என்னத்தக் கழட்டுற?
முடியத்தான் கோதுறான்."

லிஃப்ட் திருத்த வந்த அந்தோனிப்பிள்ளை
ஸ்பானரோடு வாசலில் நின்று முழுப்பகுதியும் பார்த்தார்.
"நாப்பது நிமிசத்தில தீர்ப்பு.
என்ர மாமியின்ர வேலி வழக்கு
வேலி உக்கின பிறகும் நடக்குது."

மேல்மாடித் தர்ஷிகாவுக்கு மட்டும் அவன்தான் சரி.
"பெரியவர் ஒருநாளும் தோக்கேல்லை அக்கா.
இவன் தோக்கிறான்.
தோத்துப்போட்டுக் கடையில நிண்டு றோல்ஸ் தின்னுறான்.
அதைப் பாத்தாத்தான்
எனக்கு அடுத்தநாள் எழும்ப ஏலுது."

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.
நான் புதுக்கடைக்காரி.
"உண்மையில இப்பிடியா?"

சுத்தியலைப் பற்றிச் சொன்னேன்.
எங்கள் நீதவானிடம் சுத்தியல் இல்லை,
இருமல் இருக்கிறது, அது போதும்.
மின்விசிறியைச் சொன்னேன், வாங்கில் இருக்கும் ஆணியைச் சொன்னேன்.
ஒன்றைச் சொல்லவில்லை.
அந்த நீதிமன்றத்தில் எல்லோருக்கும் எல்லாம் விளங்குகிறது.
ஒருத்தி அழுதவுடனேயே நீதிபதியின் முகம் மாறுகிறது.
எங்களிடம் அழுகை இரண்டு தரம் வரும்:
முதலில் தமிழில், மூக்கைச் சிந்திக்கொண்டு.
பிறகு சிங்களத்தில்,
என் வாயால்,
காய்ந்து.

இருபத்திரண்டு வருடமாக
சாட்சிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
அங்கே நான் சொல்லும் எந்த "நான்"உம் என்னுடையதல்ல.
நான் திருடியிருக்கிறேன். நான் அடி வாங்கியிருக்கிறேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும்
மூன்று கணவர்களை எனக்குத் தெரியாது என்றிருக்கிறேன்.
கிளை பிரிப்பதென்றால்
இந்தப் பக்கமாகவும் பிரித்திருக்கலாம்.

ஆறாம் பகுதியில் அவள் வந்தாள்.
கத்தரிப்பூச் சேலை, திரையின் வலது ஓரம்,
பாதித் தோள் வெளியே.
வாய் அசைந்தது. மேலே வயலின்.
மூன்று விநாடி.

"அக்கா, இது நீங்கள்!" தர்ஷிகா கத்தினாள்.
"இவ இவ்வளவு மெலிவில்ல" என்றார் நஃபீலா தாத்தா.
நான் உதடுகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
என்று எண்ணிக்கொண்டிருந்தாள், பாவம்.

மறுநாள் கூட்டில் ஏறியவர் சவரிமுத்து,
பேலியகொடையில் மீன்பெட்டி தூக்குகிறவர்.
சத்தியம் செய்தார். பெயர் சொன்னார்.
என்னையே உற்றுப் பார்த்தார்.
"தங்கச்சி, ராத்திரி டிவியில வந்தது நீங்கள்தானே?"

கூட்டிலிருந்து வரும் எதையும் நான் விழுங்கக்கூடாது,
கூட்டவும் கூடாது.
நிமிர்ந்து நின்று சிங்களத்தில் சொன்னேன்:
"நேற்றிரவு டிவியில் வந்தது நீங்கள்தானே?"
அந்த "நீங்கள்"
நேரே போய் நீதவானின் மேசையில் விழுந்தது.

இருமல்.
தான் இல்லை என்றார் கனம் நீதவான்.
வீட்டில் பார்க்கிறார்களாம்.
அதையும் தமிழாக்க வேண்டுமே,
"என் மனைவி சொல்கிறாள், பழையவர்தான் திறம்"
என்றேன் நான்.
"ஓம், அது சரி" என்றார் சவரிமுத்து.
அதையும் சொன்னேன்.
மன்றம் சிரித்து முடிய
சுருக்கெழுத்துக்காரியின் விரல்கள் காத்திருந்தன.
"பதிவில் சேர்க்க வேண்டியதில்லை."

அடுத்த தவணை மாசி பதினொன்று.
கூட்டை விட்டு இறங்கி,
இனி நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாத தூரத்துக்கு வந்து,
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"ராத்திரி என்ன சொன்னனீங்கள்?
வயலின் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை."