நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தீஹொமிர்,
புத்தகம் வந்து சேர்ந்தது.
அட்டையில் ஒரு யானை.
கஃபூவேயில் இருந்த ஆறு வருடத்தில்
நாம் யானையைப் பார்த்ததே இல்லை.
பார்த்ததெல்லாம் சிமெண்ட் லாரி,
அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்,
அணைக்கட்டில் வெடி வைக்கும்போது
அலமாரிக்குள் தானாகக் கிணுகிணுக்கும்
காப்பிக் கோப்பைகள்.
சரி, யானை பதிப்பகத்தாரின் வேலையாக இருக்கும்.

ரியேகாவில் மூன்று நாளாக மழை.
மீன் வாங்கக்கூடப் போகாமல்,
ரொட்டியும் வெங்காயமும் கடித்துக்கொண்டு
படித்தேன்.

நாற்பதாம் பக்கம் வரை காத்திருந்த பிறகு புரிந்தது,
உன் நாவலில் உனக்கு அக்கா இல்லை.
மலேரியாவில் நீ பிதற்றிய இரவு
நெற்றியில் ஈரத்துணி மாற்றிய கை
அம்மாவுடையதாகிவிட்டது.
அம்மா அன்று லுசாகாவில் இருந்தாள்,
பல் பிடுங்கிக்கொள்ள.
போகட்டும்.
ஒற்றைப் பிள்ளை கதைக்கு வசதி,
தனிமை என்று
தனியாக எழுத வேண்டியதில்லை.

பலதும் சரியாகவே வந்திருக்கிறது.
முகாம் பள்ளிச் சுவரில் தொங்கிய நம் நாட்டு வரைபடம்.
அதிலிருந்த, கண்ணால் கண்டிராத ஆறுகளை எல்லாம்
மூச்சுவிடாமல் ஒப்பித்தோம்.
ஜன்னலுக்கு வெளியே ஓடிய ஆற்றைப் பற்றி
பரீட்சையில் ஒரு கேள்வியும் வந்ததில்லை.
அந்த வரைபடம் இப்போது
எந்தப் பள்ளியிலும் தொங்குவதில்லை.
என் பாஸ்போர்ட்டில் ஒரு நாடு,
உன்னுடையதில் வேறு நாடு,
பிறந்ததென்னவோ
ஒரே ஆஸ்பத்திரியில்.
அதையும் எழுதியிருக்கலாம் நீ.

அக்டோபர் வெயில் இருக்கிறது.
உருகும் தார் வாசனை இருக்கிறது.
சோல்வே நமக்குக் கற்றுத்தந்த டோங்கா வசவுகள்
இருக்கின்றன,
மூன்று மட்டும் தப்பு.

நூற்றுப் பன்னிரண்டில்
நீச்சல்குளம் வருகிறது.
வாசலில் பலகை, பக்கத்தில் காவலாளி.
உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று
சோல்வேயை நிறுத்துகிறார்.
பன்னிரண்டு வயதுக் கதாநாயகன்
துண்டைத் தரையில் எறிந்துவிட்டு
"இவன் வராத இடம் எனக்கும் வேண்டாம்" என்கிறான்.
இருவரும் ஆற்றுக்கு நடக்கிறார்கள்.
அந்தி, நாரைகள், தோளில் ஒரு கை,
அன்றுதான் அவன் வளர்ந்தான் என்று ஒரு வரி.
மதிப்புரை எழுதியவர்கள் எல்லோரும்
இந்த இடத்தைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அங்கேதான் விளங்கியது
எனக்கு ஏன் இடமில்லை என்று.
அப்படிச் சொல்லும் ஒரு பையனுக்குப் பக்கத்தில்
பார்த்தவள் ஒருத்தி
நின்றுகொண்டிருக்க முடியாது.

தீஹோ,
நாம் உள்ளே போனோம்.

நம் மொழியில் 'மெல்ல' என்று அர்த்தம் உன் பேருக்கு,
நீயோ ஓடிப்போய்க் குதித்தாய்.
உனக்குப் பின்னால் நான்.
மூக்கில் குளோரின் ஏறி
சிரித்துச் சிரித்து இருமினோம்.
ஆரஞ்சு ஐஸ் வாங்கினோம், இரண்டு.
மூன்றாவது வாங்கக் காசு இருந்தது,
என் கையில்தான் இருந்தது.

வெளியே வரும்போது ஐந்து மணி.
வேலிக்கு அந்தப்புறம்
அதே இடத்தில் குந்தியிருந்தான் சோல்வே.
நாம் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளை
வெயில் நகர நகர
நிழலுக்குள் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறான்,
செம்மண்ணில் அதன் தடம்
நான்கு கோடாகப் போயிருந்தது.
"போட்டுக்கோ, சுடாது" என்றான்.
போட்டுக்கொண்டேன்.
சுடவில்லை.

புத்தகத்தில் எதையும் மாற்றச் சொல்லவில்லை நான்.
மறுபதிப்பு வந்தால்
அந்த மூன்று வசவுகளை மட்டும் திருத்து,
சரியானதை ஓரத்தில் எழுதி அனுப்புகிறேன்.

அந்தச் செருப்பு
அடுத்த மாதமே எனக்குப் பத்தாமல் போனது.