அறுநூற்றுப் பன்னிரண்டாம் கல்

பத்தொன்பது வருஷம் இந்தக் கம்பியை
இழுத்துக் கட்டியவன் நான்.
தளர்ந்தால் முறுக்கினேன், அறுந்தால் முடிந்தேன்,
மணல் ஏறி மூடினால்
மண்வெட்டியால் அதன் மானத்தைக் காத்தேன்.
கோபிப் பாலையில் எனக்குத் தெரிந்த
ஒரே நேர்கோடு அது.

தண்டவாளத்துக்கு இருபுறமும் வேலி.
ரயிலில் மாடு அடிபடக் கூடாதாம்.
மாடுகள் தப்பித்தன.
மான்கள் தாவும்போது
மேல்கம்பி இரண்டும் பின்னங்கால்களைத்
திருகிப் பிடித்துக்கொள்ளும்.
முன்னங்கால்கள் வெகுநேரம்
தரையில் ஓடிக்கொண்டிருக்கும்.
இறக்கிப் போடுவதும் என் வேலைதான்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர குப்பை' என்று எழுதுவேன்.

காட்டுக்கழுதைகள் தாவாது.
மேற்கில் மூன்று கோடை பொய்த்தபோது
கிழக்கின் புல்வாசம் பிடித்து வந்து
கம்பியோரம் நின்றன.
வடக்கே நாலு நாள் நடந்தன,
திரும்பித் தெற்கே ஆறு நாள்.
நடந்து நடந்து
தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே
இன்னொரு தடம் போட்டுவிட்டன,
எங்கும் போய்ச் சேராத தடம்.

தலைநகரிலிருந்து சரண்கெரெல் வந்தாள்.
கழுத்துப்பட்டை மாட்டிய பெட்டைக் கழுதையின்
இரண்டு வருஷத்தைக் கைபேசியில் காட்டினாள்.
சிவப்புக் கோடு, சுவரில் முதுகைத் தேய்ப்பதுபோல்
மேலும் கீழும், மேலும் கீழும்.
ஓர் இடத்தில் மட்டும் மை கசிந்ததுபோல் தடித்திருந்தது.
"இது எந்த இடம், லுவ்சான்?"
பார்க்காமலே சொன்னேன்.

நான்கு வருஷம், பதினோரு முத்திரை.
பிறகு உத்தரவு வந்தது:
அறுநூறு மீட்டர், அவிழ்க்கலாம்.
"கட்டினதுக்கும் கூலி, அவிழ்த்ததுக்கும் கூலி,"
சிரித்தான் கூட வேலை செய்யும் பூரெவ்.
நான் முடிந்த முடிச்சுகளே
என் குறடுக்கு மசியவில்லை.
ஒவ்வொன்றும் யார் நீ என்று கேட்டது.

கம்பி போனது. கம்பங்கள் போயின.
குழிகளையும் மூடினோம்.
கழுதைகள் வந்தன.
கம்பி இருந்த இடத்தில்
நின்றன.

குட்டிகளும் நின்றன.
வேலி அவற்றின் பாலில் கலந்திருக்க வேண்டும்.
காற்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
கேட்பாரற்றுப் போய்வந்தது.
ஒரு கிழட்டுக் கடுவன்
வெறும் வெளியில் மூக்கை நீட்டி
எதிலோ இடித்துக்கொண்டதுபோல் பின்வாங்கியது.
நிலக்கரி ரயில் ஒன்று கத்திக்கொண்டு போக,
எல்லாம் சிதறி ஓடின.
இப்படி இருபத்தாறு நாள்.
நாங்கள் எதை அவிழ்த்தோம் என்று
எனக்கே சந்தேகம் வந்தது.

மைனஸ் முப்பத்தெட்டில்
கேமராவின் பேட்டரி செத்த இரவுதான் அது நடந்தது.
காலையில் போனேன்.
இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே
ஜல்லியின்மேல் சாணம்.
கையுறையைக் கழற்றித் தொட்டேன்.
கல்லாக உறைந்திருந்தது.
கிழக்குச் சரிவில் இன்னும் கொஞ்சம்,
அதில் மெல்லிய ஆவி.

சரண்கெரெலைக் கூப்பிட்டேன்.
"எத்தனை?"
"தெரியாது. குளம்படிகளைக் காற்று பாதி தின்றுவிட்டது."
"ஒன்றா, நூறா?"
"தெரியாதம்மா. போயிருக்கிறது."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
ரீசார்ஜ் தீர்ந்ததோ என்று பார்த்தேன்.
தீரவில்லை.

மறுநாள் தகவல் வந்தது:
அறுநூற்றுப் பதின்மூன்றாம் கல்லருகே
கம்பி தளர்ந்திருக்கிறதாம்.
குறடை எடுத்துக்கொண்டு போனேன்.
முறுக்கினேன்.
எத்தனை சுற்று என்று
பதிவேட்டில் கட்டம் இல்லை.