இரண்டு புள்ளி

காளவாசலில் என் வேலைக்கு அளவு சதுர அடி.
பத்துக்கு எட்டு, ஆறுக்கு நாலு,
கண்ணீர் அஞ்சலி என்றால் கறுப்பு மை கூடுதல்.
எழுத்து என்பது என் வரைக்கும்
வைத்த இடத்தில் நிற்பது,
கயிறு அறுந்தாலொழிய அசையாதது.

குறும்படத்துக்குத் தலைப்பு கேட்டு வந்தான் ஒச்சப்பன்.
மூன்று மாதிரி காட்டினேன். மூன்றும் பிடித்திருந்தது.
"எத்தனை நொடி நிக்கும்க்கா?" என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஃபாண்ட் இல்லை.

ராத்திரி முழுக்க
'கண்மாய்' என்கிற நாலு எழுத்தை
இழுத்தேன், நீட்டினேன், அலையாக நெளிய விட்டேன்.
நெளிந்ததே தவிர நனையவில்லை.
மூன்று மணிக்கு, சலிப்பில்,
மேலிருந்த புள்ளிகளை மறைத்தேன்.
திரையில் மிச்சம் நின்றது

கணமாய

சொல்லே இல்லை அது.
ஆனால் ஒரு கணம் இருந்தது அதற்குள்,
தண்ணீர் வருவதற்கு முந்தைய கணம்.
வெடித்த கரம்பை மாதிரி
வாய் பிளந்து கிடந்தன எழுத்துகள்.
புள்ளி விழ வேண்டும். ஒன்று. பிறகு ஒன்று.
நடுவில் எவ்வளவு என்று
எந்த ஸ்கேலும் சொல்லவில்லை.

ஒலிப்பதிவு பிரிட்டோ
பென் டிரைவில் ஒரு மழை கொண்டுவந்தான்.
நல்ல மழைதான், எந்த ஊர் மழையோ.
கேட்டுக்கொண்டிருக்கும்போது கீழே
சிக்கந்தர் பேனருக்கு ஐலெட் அடித்தான்:
டக்.
செருப்பு தேய அடுத்த மூலைக்கு நடந்துபோய்
டக்.
பிரிட்டோ என்னைப் பார்த்தான்.
நான் ஏற்கெனவே படி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நடையின் நீளம்தான்
'ண்'ணுக்கும் 'ய்'க்கும் நடுவில்.
நாற்பத்தொரு பிரேம்.
செருப்பையும் விட்டுவைத்தோம்.

ரிங் ரோட்டோரம், கண்மாய்க் கரையில் திரையிடல்.
திரைக்குக் காசில்லை.
புள்ளி ஒன்று விட்டுப்போய்
பார்ட்டி வாங்க மறுத்த காதணி விழா பேனரை
முதுகு காட்டிக் கட்டினோம்.
வெள்ளை வெளேர் முதுகு. அந்தப் பக்கம்
தாய்மாமன்மார் ஒன்பது பேர்,
நடுவில் முன்பல் இல்லாத ஒரு சிரிப்பு.

இருட்டு. கணமாய.
டக்.
செருப்பு.
டக்.
"ஆத்தீ" என்றது ஒரு குரல், கூட்டத்துக்குள்.

பதினோராவது நிமிடம்
வறண்ட மடையைக் கேமரா
அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது
பின்னால் ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரி திரும்பியது.
அதன் வெளிச்சம் பேனருக்குள் புகுந்து வர
மடைக்குள்ளிருந்து எழுந்தது குழந்தை முகம்,
இடம் வலம் மாறிய அதே பொக்கைச் சிரிப்பு.
போய்விட்டது.

கை தட்டினார்கள்.
பிரிட்டோ தலையில் கை வைத்துக்கொண்டான்.
ஒச்சப்பன் என் காதோரம் குனிந்து
"இத எப்பக்கா பண்ணுன?" என்றான்.

சிக்கந்தர்தான் சிரித்தான்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
அறுபது பிரேம்.
அதற்கு மேல் இருக்காது.