இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது

போட்டி என்பது
முதல்நாள் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குத் தொடங்குகிறது.
விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.
நான் அதைப் பிந்தித்தான் வாசித்தேன்.

உப்புவெளியில் அப்போது பத்தரை இருக்கும்.
கணுக்கால் வீக்கம் என்று பட்டியலில் என் பெயரைச்
சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார்கள்.
மெர்லின் தொப்பிக்குள் இருந்து ஒரு சுருளை எடுத்தாள்.
மூன்று பேர், ஒரு லைட்டர்,
காற்று நாலு தரம் அணைத்தது.
கஞ்சா என்றதும் எல்லாரும் என்னிடம்
ஒரு துயரத்தைக் கேட்கிறார்கள்:
காதலா, கடனா, வீட்டில் ஏதாவதா?
இல்லை.
ஒரு நண்டு பக்கவாட்டில் ஓடியதற்கு
அரை மணித்தியாலம் சிரித்தோம்.

காலை ஆறுக்குப் போன் அடித்தது.
மட்டக்களப்புப் பிள்ளைக்குக் காய்ச்சல், நீ வந்து பாய்.

முப்பாய்ச்சல். பன்னிரண்டு மீற்றர் எழுபது.
மெக்கெய்சர் மைதானத்து மணல் முழங்கால் வரை ஒட்டியிருக்க
கழுத்தில் நாடா விழுந்தது.
பின்னால், மஞ்சள் அட்டை மாட்டிய ஒரு பெண்:
"பெறோசா. கச்சேரியில் வேலை.
இனி என் கண்ணை விட்டு நீங்கள் விலகக் கூடாது."

நாலு போத்தல் தண்ணீர் குடித்தும் வரவில்லை.
கதவு சாத்தக் கூடாது. சட்டையை நெஞ்சுவரை தூக்க வேண்டும்.
அவள் பார்க்க வேண்டும், அதுதான் அவள் வேலை.
பார்த்தாள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
கை கழுவும் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.
அந்தச் சத்தத்தில்தான் வந்தது.

ஏ போத்தல், பி போத்தல்.
ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற மூடி.
டிக், டிக், டிக்.

புகைத்தது பத்தரைக்கு என்று நிரூபித்தேன்.
ஒப்புக்கொண்டார்கள்.
ஆனால் என் கொழுப்பு மணிக்கூடு கட்டுவதில்லை,
மறுநாள் பின்னேரமும் அது வைத்திருந்தது
இருநூற்றிப் பதினொரு நனோகிராம்.

மூன்று மாதத் தடை.
சிகிச்சைக்குப் போனால் ஒரு மாதம்.
பெரியாஸ்பத்திரியில் படிவம் தந்தார்கள்.
முதல் கேள்வி: எத்தனை வருடமாக அடிமை?
ஒன்றுக்குக் குறைவு, ஒன்று முதல் ஐந்து, அதற்கு மேல்.
ஓர் இரவு என்று எழுத இடமில்லை.
பேனையை மூடி வைத்துவிட்டு
மூன்று மாதத்தையே எடுத்துக்கொண்டு வந்தேன்.
ரோசமா, வீம்பா, தெரியவில்லை.
பெறோசாவாக இருந்தால்
படிவத்திலும் எங்காவது ஒரு குழாயைத் திறந்திருப்பாள்.

பதக்கம் தம்பலகாமத்து நிதுர்ஷாவுக்குப் போனது.
செய்தி அனுப்பினாள்:
"கிடைச்சது. பெட்டியத் திறக்கேல்ல.
நான் பாஞ்சது பன்னிரண்டு முப்பத்தொன்றுதானே."
என்ன பதில் போடுவது என்று
இரண்டு நாள் யோசித்து
ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது.
கடற்கரை மைதானம் இல்லை.
கரைவலைக்காரர் சோறு தின்னப் போன நேரம்
ஈரமணலில் ஓடிவந்து பாய்கிறேன்.
வலைக்குக் காவலிருக்கும் யூட்
இரண்டு கையையும் விரித்துக் கயிற்றால் அளக்கிறான்.
"ஏழு பாகம் அக்கா. ஒரு முழம் குறைய."
மீற்றரில் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது.
நானும் கணக்குப் பார்க்கவில்லை.
பார்த்தேன். வீட்டுக்குப் போய்.

கடிதத்தின் கடைசி வரி:
தடை முடிவது பதினேழாந் திகதி
இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு.
மெர்லின் கேட்கிறாள்,
அன்றைக்கு உப்புவெளிக்கு வருவாயா, சும்மா, தேத்தண்ணி குடிக்க?
பார்ப்போம் என்றேன்.
அந்த நண்டை நினைத்தால்
இப்பவும் சிரிப்பு வருகிறது.